தூங்கினவளை எழுப்பியது யார்? பள்ளி நூலகத்துக்குப் புத்தகம் தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பள்ளி நூலகப் பொறுப்பாளர்களுக்கும், நூலகத்துக்கு என்ன வாங்குவது என்று முடிவு செய்யும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

போன மாதம் பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் என் வீட்டு வாசலில் வந்து நின்று, "அக்கா, நீங்க குடுத்த புத்தகத்தை மிஸ் வாங்கி வெச்சிக்கிட்டாங்க" என்றாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் தெருப்பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து படிப்பார்கள், ஏழு வருடமாக நடக்கிறது, அந்தக் கூட்டத்தில் இவள் ஆறாம் வகுப்பிலிருந்து வருகிறவள். வாங்கி வைக்கப்பட்ட புத்தகம் சிண்ட்ரெல்லா கதையைப் புதிதாகச் சொல்லும் ஓர் ஆங்கில நாவல். "பப்ளிக் எக்ஸாம் வருது, இன்னும் தேவதைக் கதை படிச்சிட்டிருக்கியா?" என்று கேட்டிருக்கிறார்கள். அவள் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியாமல் இல்லை, அந்த இடத்தில் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

அந்த ஆசிரியர் மீது எனக்குக் கோபம் இல்லை. நாற்பது பிள்ளைகளைத் தேர்வுக்குத் தயார் செய்கிறவருடைய பதற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதே கேள்வியை ஏழு வருடமாக நான் வெவ்வேறு வாய்களிலிருந்து கேட்டு வருகிறேன். பெற்றோர் கேட்கிறார்கள், பக்கத்து வீட்டுத் தாத்தா கேட்கிறார், ஒரு பள்ளிக்கு இலவசமாகக் கொடுக்கலாம் என்று இரண்டு பை நிறையப் புத்தகம் எடுத்துப் போனபோது அங்கேயும் கேட்டார்கள். பொது அறிவு, தலைவர்கள் வரலாறு, நீதிக்கதை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, இந்த வகை நாவல்களை மட்டும் பையோடு திருப்பிக் கொடுத்தார்கள். "இதெல்லாம் சின்னப் பசங்க கதை மேடம், ஒன்பதாவது பத்தாவதுக்குச் சரிப்படாது." அதற்கு அன்றைக்கே பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

முதலில் இந்தக் கதைகள் யாருக்காக இருந்தன என்பதைப் பார்ப்போம். ஜெர்மனியில் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் 1812இல் முதல் தொகுதியைக் கொண்டுவந்தபோது, தலைப்பில் குழந்தைகள் என்ற சொல் இருந்ததே தவிர, அது குழந்தை கையில் கொடுக்கிற புத்தகமாக இல்லை. படம் கிடையாது, அறிஞர்களுக்கான குறிப்புகள் இருந்தன. அந்தப் பதிப்பில் ரபன்ஸல், கோபுரத்தில் தன்னை அடைத்து வைத்திருக்கும் கிழவியிடம், என் உடையெல்லாம் ஏன் இப்படி இறுகிக்கொண்டே வருகிறது என்று ஒன்றும் அறியாமல் கேட்பாள். அவள் கர்ப்பமாக இருக்கிறாள், அது அவளுக்கே தெரியாது. பின்னால் வந்த பதிப்புகளில் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டார்கள். ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொன்னவள் முதலில் பெற்ற தாய்தான், 1819 பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆனாள். தவளை ராஜகுமாரனை இளவரசி முத்தமிடவே இல்லை, கிரிம் சொன்ன கதையில் அவள் அந்தத் தவளையைத் தூக்கிச் சுவரில் அடிக்கிறாள். 1857இல் ஏழாவது பதிப்பு வரும்வரை நாற்பத்தைந்து வருடம் இந்தத் திருத்தம் நடந்துகொண்டே இருந்தது. இதில் இன்னொன்று, நாம் தேவதைக் கதை என்று சொல்கிறவற்றில் பாதிக்கு மேல் தேவதையே வருவதில்லை. பசி வருகிறது, காட்டில் பிள்ளையை விட்டுவிட்டு வரும் அப்பா வருகிறார், விற்கப்படும் பெண் வருகிறாள்.

அதனால் "மூலக்கதையைக் கெடுத்து எழுதிய நாவல்" என்று யாராவது சொல்லும்போது, எந்த மூலம் என்று கேட்கத் தோன்றுகிறது. கண்ணாடிச் செருப்பும் பூசணி வண்டியும் பிரான்சில் பெரோ 1697இல் வெளியிட்ட புத்தகத்தில் இருக்கின்றன. அதற்கு எட்டு நூற்றாண்டு முன்பே சீனத்தில் துவான் செங்ஷி என்பவர் யே ஷியன் என்ற பெண்ணின் கதையை எழுதி வைத்துவிட்டார். அங்கே செருப்பு தங்கம், உதவிக்கு வருவது ஒரு மீனின் எலும்புகள், மாற்றாந்தாய் மட்டும் அப்படியே இருக்கிறாள். அழகியும் மிருகமும் கதையை 1740இல் வில்நெவ் சீமாட்டி பெரியவர்களுக்காக மிக நீளமாக எழுதினார். லண்டனில் ஆசிரியையாக வேலை பார்த்துக்கொண்டிருந்த போமோன் 1756இல் அதைச் சுருக்கித் தன்னிடம் படிக்கிற மாதிரிப் பெண்பிள்ளைகளுக்காகத் திரும்ப எழுதினார். ஏன் அந்தக் கதையை அந்தப் பிள்ளைகளுக்கு? அவர்களில் பலர் இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் முகம் தெரியாத ஒருவர் வீட்டுக்குக் கட்டிக்கொடுக்கப்படப் போகிறவர்கள். பயப்படாதே, போகப்போகப் பழகிவிடும் என்று அந்தக் கதை அவர்களுக்குச் சொன்னது. நம் வீடுகளிலும் இந்த வசனத்தைக் கேட்காமல் வளர்ந்த பெண் குறைவு.

இங்கேதான் நான் சொல்ல வந்தது தொடங்குகிறது. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர், யாரோ ஒருவருக்கு, ஏதோ ஒரு காரணத்துக்காக அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். சின்ன வயதில் இது தெரியாது. கதை ஆகாயத்திலிருந்து விழுந்த மாதிரி இருக்கும். பதிமூன்று பதினான்கு வயதில்தான் ஒரு பிள்ளைக்கு முதல்முதலாக, இதை எனக்கு ஏன் இப்படிச் சொன்னார்கள் என்ற சந்தேகம் வருகிறது. வீட்டைப் பற்றியும் வருகிறது, ஊரைப் பற்றியும், சாமியைப் பற்றியும், சாதியைப் பற்றியும், தன்னைப் பற்றியும் வருகிறது. வீட்டில் கேட்டால் அடி விழும், பள்ளியில் கேட்டால் எதிர்த்துப் பேசுகிறாள் என்று பெயர் வரும். சிண்ட்ரெல்லாவைப் பற்றிக் கேட்டால் யாரும் அடிக்க மாட்டார்கள். இந்த நாவல்கள் இந்த வயதுப் பிள்ளைகளை ஏன் இப்படிப் பிடித்து வைத்துக்கொள்கின்றன என்பதற்கு ஏழு வருடமாக மொட்டைமாடியில் உட்கார்ந்து நான் கண்ட காரணம் இதுதான்.

முடிவு தெரிந்த கதையில் என்ன சுவாரசியம் என்று கேட்பீர்கள். இந்தக் கேள்வியைத் தமிழர்கள் கேட்கக் கூடாது என்று நினைக்கிறேன். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடியக் கூத்துப் பார்க்கிற ஜனங்களில் யாருக்குப் பாரதக் கதை தெரியாது? துச்சாதனன் சேலையைப் பிடித்து இழுக்கப் போகிறான் என்று எல்லோருக்கும் தெரியும், கண்ணன் சேலை கொடுக்கப் போகிறான் என்றும் தெரியும், ஆனாலும் அந்த நேரத்தில் பாயில் சுருண்டு கிடந்த கிழவிகள்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். என்ன நடக்கும் என்ற கவலை போய்விட்டதால், இந்த ஆட்டக்காரர் இன்றைக்கு அந்தப் பெண்ணை என்ன கேட்க வைக்கிறார் என்று முழுக் காதையும் கொடுத்துக் கேட்க முடிகிறது. கம்பன் செய்தது அதுதான், பாரதி பாஞ்சாலிக்குச் செய்ததும் அதுதான். புதுமைப்பித்தனின் சாபவிமோசனத்தில், சீதையை ராமன் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேள்விப்பட்டதும் அகலிகை மறுபடியும் கல்லாகிவிடுகிறாள். ராமாயணமே தெரியாத ஒருவர் அதைப் படித்தால் ஒன்றும் ஆகாது. தெரிந்தவருக்கு அன்றைக்குத் தூக்கம் வராது.

அப்படிப்பட்ட புத்தகங்கள்தான் இவையும். எல்லாம் அல்ல, அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தப் பெண்ணிடமிருந்து வாங்கி வைக்கப்பட்ட புத்தகத்தைப் பற்றி.

கெயில் கார்சன் லெவின் 1997இல் எழுதியது, அடுத்த வருடம் அமெரிக்காவில் சிறார் இலக்கியத்துக்குக் கொடுக்கும் நியூபெரி விருதின் கௌரவப் பட்டியலில் இடம்பெற்றது. சிண்ட்ரெல்லா கதையைச் சின்ன வயதில் கேட்ட எல்லோருக்கும் ஓர் இடத்தில் இடித்திருக்கும், ஆனால் கேட்டிருக்க மாட்டோம். அவள் ஏன் சொன்னதையெல்லாம் செய்தாள்? சொந்த வீடு, சொந்த அப்பா, ஆனாலும் பாத்திரம் தேய், தரையைத் துடை, அடுப்படியில் படு என்றால் ஏன் படுத்தாள்? நல்ல பெண், அதனால் செய்தாள் என்பது பழைய பதில். லெவின் வேறு பதில் சொல்கிறார். பிறந்த அன்றைக்கே ஒரு தேவதை அந்தக் குழந்தைக்கு ஒரு வரம் கொடுத்துவிட்டுப் போகிறது, கீழ்ப்படிதல் என்கிற வரம். அவளிடம் யார் எதைச் செய் என்று கட்டளையாகச் சொன்னாலும் அவள் உடம்பு அதைச் செய்தே தீரும். மறுத்து நின்றால் தலை சுற்றும், வலிக்கும், கடைசியில் செய்துவிடுவாள். இறந்துபோன அம்மாவின் கழுத்துமாலையை மாற்றாந்தாயின் மகள் "கழற்றிக் கொடு" என்கிறாள், அவள் கழற்றிக் கொடுக்கிறாள். விடுதிப் பள்ளியில் கிடைத்த ஒரே தோழியின் நட்பை முறித்துக்கொள் என்கிறாள், அந்தக் கட்டளையும் அவளை விடுவதில்லை.

அந்த மாலையைக் கழற்றும் இடத்தை மொட்டைமாடியில் நான் தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தேன். எட்டாவது படிக்கிற ஒரு பையன், அதிகம் பேசாதவன், "அப்போ அது வரம் இல்லையே, சாபம்தானே?" என்றான். வரம் என்றுதானே கொடுத்தார்கள் என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "எங்க வீட்லயும் எல்லாருக்கும் என்னைப் பத்திப் பெருமை அதுதான். சொன்னா சொன்னபடி கேட்பா" என்றாள். அதற்கு மேல் அவள் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அந்த வாரம் அவள் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனாள். அட்டை தெரியாமல் செய்தித்தாளில் உறை போட்டுக்கொண்டு போனாள். போன மாதம் என் வாசலில் வந்து நின்றது அவள்தான்.

இந்தச் சாபம் எப்படி உடைகிறது என்பதை இங்கே எழுத மாட்டேன். அவள் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை.

இன்னொரு ஞாயிற்றுக்கிழமை. ரபன்ஸல் கதையை டோனா ஜோ நாப்போலி 1996இல் ஒரு நாவலாக எழுதியிருக்கிறார். அதில் அடைத்து வைத்தவள் பேசுகிறாள், நான் நான் என்று அவளே தன் கதையைச் சொல்கிறாள். பிள்ளை இல்லாதவள், ஒரு பெண் குழந்தைக்காகத் தன் ஆன்மாவையே விலையாகக் கொடுத்தவள், அந்தக் குழந்தை வளர வளர, இவள் ஒருநாள் இன்னொருவனோடு போய்விடுவாள் என்று ஒவ்வொரு நாளும் பயந்து சாகிறவள். சூனியக்காரி என்ற ஒரே சொல்லில் நாம் தள்ளிவிட்டு வந்தவள் அவள். நான் வாசிப்பதற்கு முன்னால், கிரிம் கதையில் எத்தனை வயதில் அவளைக் கோபுரத்தில் அடைத்தார்கள் தெரியுமா என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. பன்னிரண்டு வயதில் என்றேன். பெண்பிள்ளைகள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். பையன்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் பாட்டி காலத்தில் வயதுக்கு வந்த பெண்ணை வீட்டுக்கு வெளியே ஓலைக் குச்சு கட்டி உட்கார வைத்தார்கள், அதோடு பல பேருக்குப் பள்ளிக்கூடம் முடிந்தது. இப்போது குச்சு இல்லை. ஆனால் அந்த வயதுக்குப் பிறகு மாலை ஆறு மணிக்கு மேல் மொட்டைமாடிக்கு வர அனுமதி கிடைக்காமல் நின்றுபோன மூன்று பெண்களின் பெயர் என் நோட்டில் இருக்கிறது. அவர்களுடைய அம்மாக்கள் கெட்டவர்கள் இல்லை. பயந்தவர்கள். அடைக்கிறவளின் பயத்தையும் அடைபட்டவளின் மூச்சுத் திணறலையும் ஒரே நேரத்தில் ஒரு பதினான்கு வயதுப் பிள்ளைக்கு எந்தப் பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு நான் சொல்லித் தருவது?

தூங்கும் அழகியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் எனக்கு இரவு தூக்கத்தைக் கெடுத்தது. முத்தம் கொடுத்து எழுப்பினான் என்றுதான் நமக்குத் தெரியும். இத்தாலியில் பசீலே எழுதி 1634க்கும் 1636க்கும் இடையில் வெளியான தொகுதியில் அந்தப் பெண்ணின் பெயர் தாலியா. அங்கே வருகிறவன் ஏற்கெனவே மணமான ஒரு ராஜா. அவன் அவளை எழுப்புவதில்லை. தூங்குகிறவளோடு உறவு கொண்டுவிட்டுப் போய்விடுகிறான். அவள் தூக்கத்திலேயே இரட்டைப் பிள்ளை பெறுகிறாள். பால் தேடிய குழந்தை அவள் விரலைச் சப்பும்போது அதில் குத்தியிருந்த சிம்பு வெளியே வந்துவிட, அதனால்தான் அவள் கண் விழிக்கிறாள். நானூறு வருடமாக இந்தக் கதையைத் துடைத்துத் துடைத்து ஒரு முத்தத்துக்குக் கொண்டுவந்திருக்கிறோம்.

இதே கதையை எடுத்துக்கொண்டு ஜேன் யோலன் 1992இல் ஒரு நாவல் எழுதினார். அமெரிக்காவில் ஒரு யூதப் பாட்டி, பேத்திகளுக்குச் சொல்லும் ஒரே கதை தூங்கும் அழகிதான், ஆனால் அவள் சொல்லும் கதையில் ஒரு பனிமூட்டம் வருகிறது, அரண்மனையில் இளவரசி ஒருத்தியைத் தவிர மற்ற யாரும் கடைசிவரை எழுந்திருப்பதே இல்லை. மற்றவர்கள் ஏன் எழவில்லை என்று பிள்ளைகள் கேட்டால் பாட்டிக்குப் பதில் வராது. பாட்டி இறந்த பிறகு கடைசிப் பேத்தி அந்தக் கதையைத் துப்பாக வைத்துக்கொண்டு போலந்துக்குப் போகிறாள். அந்த அரண்மனை ஹெல்ம்னோ என்ற ஊரில் நாஜிகள் நடத்திய கொலைக்கூடம், அந்தப் பனிமூட்டம் லாரிக்குள் ஆட்களை அடைத்துத் திருப்பிவிடப்பட்ட வண்டிப் புகை. பிணக்குழியில் கிடந்தவளின் வாயில் வாய் வைத்து மூச்சு ஊதி ஒருவன் பிழைக்க வைக்கிறான், அதுதான் முத்தம். ஹெல்ம்னோவிலிருந்து உயிரோடு தப்பிய பெண் என்று யாரையும் தான் அறியவில்லை என்று ஆசிரியர் புத்தகத்தின் முடிவில் எழுதிவிடுகிறார். அந்த ஒரு வாக்கியம் வந்ததும் பிள்ளைகள் அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள். அப்போ இந்தப் பாட்டி? அப்போ அந்தக் கதை? ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தில் நாஜிகளைப் பற்றி ஏற்கெனவே படித்து மதிப்பெண் வாங்கியிருந்த ஒருத்தி, அன்றைக்குத்தான் "அக்கா, நிஜமாவே லாரில அடைச்சாங்களா?" என்று கேட்டாள்.

இந்தப் புத்தகத்தையும் சேர்த்துத்தான் சின்னப் பசங்க கதை என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

சரி, குறை இல்லையா என்றால் இருக்கிறது. பழைய கதையின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, இளவரசி கையில் ஒரு வாளைக் கொடுத்துவிட்டு, மிச்சமெல்லாம் பழைய காதல் கதையாகவே ஓட்டும் நாவல்கள் நிறைய வருகின்றன. அட்டை பிரமாதமாக இருக்கும், கேள்வி ஒன்றும் இருக்காது. சில தொடர்கள் தொடங்கும்போது பதின்வயதினருக்கானவை போலத் தெரிந்தாலும், போகப்போக முழுக்கப் பெரியவர்களுக்கான காட்சிகளாக இருக்கும், அதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை கையில் கொடுக்க நானும் சம்மதிக்க மாட்டேன். படிக்காமல் எதையும் வாங்காதீர்கள், அதைத்தான் நானும் கேட்கிறேன். ஆனால் படித்துவிட்டுத் தள்ளுங்கள். தலைப்பைப் பார்த்துத் தள்ளாதீர்கள்.

நல்லதற்கு ஒரு அடையாளம் சொல்கிறேன், எனக்கு ஏழு வருடத்தில் பிடிபட்டது. நல்ல நாவலில் பழைய கதையின் ஏதோ ஒரு பொருள் புதிய கனத்தோடு திரும்பி வரும். மரிஸா மேயர் 2012இல் எழுதிய நாவலில் சிண்ட்ரெல்லா எதிர்காலப் பெய்ஜிங்கில் இயந்திரம் பழுது பார்க்கும் பெண், உடம்பில் ஒரு பகுதி இயந்திரம். முதல் காட்சியிலேயே, எப்போதோ பொருத்தியதால் இப்போது சின்னதாகிப்போன தன் உலோகப் பாதத்தை, கணுக்காலில் துருப்பிடித்த திருகாணியைத் திருகிக் கழற்றிக்கொண்டிருப்பாள். செருப்புப் பொருந்துகிறதா என்பதே கதையாக இருந்த இடத்தில், காலே பொருந்தவில்லை. ராபின் மெக்கின்லி அழகியும் மிருகமும் கதையை 1978இல் ஒருமுறை நாவலாக்கினார், ஏறக்குறைய இருபது வருடம் கழித்து 1997இல் அதே கதையை மறுபடியும் முதலிலிருந்து வேறு நாவலாக எழுதினார். அவருக்கே ஒருமுறை சொல்லி ஆறவில்லை. மலிண்டா லோவின் 2009 நாவலில் சிண்ட்ரெல்லாவின் மனம் இளவரசனிடம் போவதில்லை, அரசவையின் வேட்டைக்காரியிடம் போகிறது. இதை உங்கள் நூலகத்தில் வைக்க உங்களுக்குத் தயக்கம் இருக்கும் என்று தெரியும். அந்தப் புத்தகத்தைத் தேடி அலைகிற பிள்ளை உங்கள் பள்ளியிலும் இருக்கிறது, அது வாய் திறந்து உங்களிடம் கேட்கப் போவதில்லை என்பதையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

இத்தனையும் ஆங்கிலம். என் பெரிய வருத்தம் அதில்தான் இருக்கிறது. மொட்டைமாடிக்கு வருகிற பிள்ளைகளில் நான்கு பேரால்தான் இவற்றைத் தானாகப் படிக்க முடியும். மற்றவர்களுக்கு நான் வாய்மொழியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போகிறேன், தொண்டை கட்டிப் போகும் வரை. தமிழில் குழந்தைகளுக்குக் கதை இருக்கிறது, பெரியவர்களுக்கு நாவல் இருக்கிறது. நடுவில் பதிமூன்றிலிருந்து பதினேழு வரை நிற்கிறவர்களுக்கு உங்கள் நூலகத்தில் தனியாக ஓர் அடுக்கு இருக்கிறதா? நான் பார்த்த பள்ளிகளில் இல்லை. அடுக்கு இருந்தால்தானே அதற்கு எழுதுகிறவர்கள் எழுதுவார்கள், போடுகிறவர்கள் போடுவார்கள். பள்ளிகள் வாங்குவார்கள் என்று தெரிந்தால் பதிப்பாளர்கள் மொழிபெயர்ப்புக்குத் துணிவார்கள். அந்த இடத்தில் உங்கள் கையெழுத்துக்கு உள்ள பலம் என்னைப் போன்றவர்களின் தொண்டைக்கு இல்லை.

மொழிபெயர்ப்போடு நிற்க வேண்டியதும் இல்லை. பெரிய எழுத்துப் புத்தகமாகத் திருவிழாக் கடைகளில் விற்ற அல்லி அரசாணி மாலையை எடுத்துக்கொள்ளுங்கள். அல்லி மதுரையை ஆண்டவள், ஆண் வாடையே வேண்டாம் என்று இருந்தவள். அவள் மறுத்ததும் அருச்சுனன் என்ன செய்தான்? பாம்பாக உருமாறி அவள் படுக்கையறைக்குள் போனான், தூங்குகிறவள் கழுத்தில் தாலியைக் கட்டினான். எங்கள் பாட்டி இதைச் சிரித்துக்கொண்டே சொல்வாள். கேட்ட நாங்களும் சிரித்தோம். தாலியா கதையைப் படித்த அன்றைக்கு இரவுதான் எனக்கு அல்லி ஞாபகம் வந்தாள். இரண்டு நாடு, இரண்டு மொழி, இரண்டு பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளிடம் அல்லி கதையைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. "கண் முழிச்சதும் அவ என்ன சொன்னா?" என்று ஒருத்தி கேட்டாள். கதையில் என்ன வருகிறதோ அதைச் சொன்னேன். "அது இல்லக்கா, முதல்ல, கழுத்தைத் தொட்டுப் பாத்தப்ப" என்றாள். அந்தப் பக்கத்தை இன்னும் யாரும் எழுதவில்லை. எழுதப்போகிறவள் ஒருவேளை இப்போது உங்கள் பள்ளியில் எட்டாவதோ ஒன்பதாவதோ படித்துக்கொண்டிருக்கலாம். நல்லதங்காளுக்கும் இதே கதிதான். ஏழு பிள்ளைகளைக் கிணற்றில் போட்டவள் என்று ஊர் ஊராக ஒப்பாரியாகப் பாடியிருக்கிறோம். அந்த ஏழில் மூத்ததுக்கு என்ன வயது இருந்திருக்கும், கிணற்றுக்குப் போகும் வழியில் அது அம்மாவிடம் என்ன கேட்டிருக்கும்? இதைப் பதினைந்து வயதுக்கு எழுதினால் தாங்காதா என்று கேட்பீர்கள். செய்தித்தாளில் இதே செய்தியை அந்தப் பிள்ளைகள் காலையில் படித்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருகிறார்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. இந்த வருடம் புத்தகம் வாங்கும்போது பத்தே பத்து நாவல், பதின்வயதினருக்கென்று, ஆங்கிலமோ தமிழோ, பழைய கதையைப் புதிதாகச் சொல்பவை, ஓர் அடுக்கில் வையுங்கள். பூட்டிய கண்ணாடி பீரோவில் வேண்டாம், கை எட்டும் இடத்தில் வையுங்கள். எட்டாவது படிப்பவள் எடுத்தாலும் பதினொன்றாவது படிப்பவன் எடுத்தாலும், இந்த வயசில் இதுவா என்று கேட்காமல் ரெஜிஸ்டரில் எழுதிக்கொடுங்கள். முடிந்தால் ஒன்றை நீங்களும் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படியுங்கள்.

உங்களில் ஒருவருடைய மேசை இழுப்பறையில் செய்தித்தாள் உறை போட்ட ஒரு புத்தகம் இருக்கிறது. அதன் உள்ளே அடையாளத்துக்குப் பழைய பஸ் டிக்கெட் ஒன்று வைத்திருக்கிறாளாம், கடைசி முப்பது பக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால். தேர்வு முடிந்த அன்றைக்காவது அதை அவளிடம் கொடுத்துவிடுங்கள். டிக்கெட் இருந்த இடம் மாறாமல்.

அன்புடன்,
மொட்டைமாடியில் புத்தகம் படித்துக் காட்டும் அக்கா